மூன்று பாயிண்டில் தோற்றதற்கு ஒரு பையன் இவ்வளவு அழுவானா?

காரைக்குடி டீச்சர் | 8 டிசம்பர் 2024, காலை 11:40

வணக்கம். அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

என் பையன் ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க டல்லாஸ் போனான். எஸ்.எம்.யூ. என்று சொல்வார்களே, சதர்ன் மெதடிஸ்ட், அங்கே. இன்று காலை பத்தரை மணிக்கு போன் வந்தது. அங்கே இரவு பதினோரு மணி. குரலே சரியில்லை. காய்ச்சலா, பர்ஸைத் தொலைத்தாயா என்று பதறிக் கேட்டால், "அம்பத்தாறு யார்டும்மா... கடைசி செகண்டுல உதைச்சு உள்ள போட்டுட்டான்" என்கிறான். ஏதோ ஃபுட்பால். அதற்கா இந்த அழுகை? பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றுகூட இவன் கண் கலங்கியதில்லை.

விசாரித்தால் மூன்று பாயிண்டில் தோல்வி, "புது கான்ஃபரன்ஸ்ல முதல் வருஷம்மா, முதல் வருஷம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான். கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடுதானே? அந்த மாநாட்டின் பெயர் அட்லாண்டிக் கோஸ்ட்டாம். முப்பது வருஷம் புவியியல் நடத்தியவள் நான். டல்லாஸில் கடலே கிடையாது. அட்லாண்டிக் எங்கே, டெக்சாஸ் எங்கே?

கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். திரும்ப போன் பண்ணும்போது அவனிடம் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் எனக்கு.

---

ரிச்சர்ட்சன்காரன் | 8 டிசம்பர் 2024

டீச்சர், வணக்கம். நான் 1998ல் டல்லாஸ் வந்தவன், சொந்த ஊர் கோவில்பட்டி. உங்கள் பையன் மட்டுமில்லை, நேற்று ராத்திரி நானும் சாப்பிடாமல்தான் படுத்தேன். ஐம்பத்து மூன்று வயசு எனக்கு. அதனால் அவனைத் திட்டாதீர்கள்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டும் எறிந்தும் ஓடுகிற அமெரிக்க ஆட்டம். முதலில் அந்த மாநாடு. இங்கே கல்லூரி அணிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். நம் ஊர் லீக்கில் ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம் இல்லையா, இங்கே அது கிடையாது. எவ்வளவு ஜெயித்தாலும் மேலே இருப்பவர்கள் பார்த்து "வா" என்று கூப்பிட வேண்டும். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் கூப்பிடுகிற மாதிரி. டி.வி. பணம் எல்லாம் பெரிய பந்தியில்தான்.

எஸ்.எம்.யூ.வை 28 வருஷமாக யாரும் கூப்பிடவில்லை.

ஒரு காலத்தில் டெக்சாஸ் கல்லூரிகளெல்லாம் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று ஒரே குடும்பமாக இருந்தார்கள். 80களின் தொடக்கத்தில் எஸ்.எம்.யூ. அதில் ராஜா. எரிக் டிக்கர்சன், கிரெய்க் ஜேம்ஸ் என்று இரண்டு பேர் ஓடினால் பிடிக்க ஆளில்லை, 1982ல் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. ஆனால் பின்வாசலில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. அது அன்று எல்லாக் கல்லூரியிலும் நடந்த கூத்துதான் என்பார்கள். இவர்கள் மாட்டிக்கொண்டார்கள், எச்சரித்த பிறகும் நிறுத்தவில்லை. 1987 பிப்ரவரியில் தீர்ப்பு: அந்த வருஷம் முழுக்க ஆடவே கூடாது. இங்கே அதற்கு 'மரண தண்டனை' என்றே பெயர். கல்லூரி ஃபுட்பாலில் அப்படி ஒரு தடை அதற்குப் பிறகு எந்தப் பெரிய அணிக்கும் விழவில்லை. 1988லும் ஆள் சேராமல் கல்லூரியே கடையைச் சாத்திவிட்டது. 1989ல் திரும்பி வந்து ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றார்கள். தொண்ணூற்றைந்து, டீச்சர். தட்டச்சுப் பிழை இல்லை.

1996ல் குடும்பம் உடைந்தது. டெக்சாஸ், ஏ அண்டு எம், பேய்லர், டெக்சாஸ் டெக் நாலும் பிக் 12 என்று பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்தின் டி.சி.யூ.வும் 2012ல் அங்கே நுழைந்தது, ஹூஸ்டன் 2023ல். இவர்களோ சின்னச் சின்ன கான்ஃபரன்ஸாக மாறிக்கொண்டே இருந்தார்கள். 2003ல் பன்னிரண்டு மேட்ச், பன்னிரண்டிலும் தோல்வி. அப்போதுதான் ஆபீஸில் யாரோ ஓசி டிக்கெட் கொடுத்து நான் முதல் தடவை போனேன். ஸ்டேடியத்தில் எனக்கு முன் வரிசையில் ஒரு தாத்தா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஏன் சார் வருகிறீர்கள் என்றேன். "மனைவிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணணுமாம்" என்றார். அந்த மனுஷருக்காகத்தான் அடுத்த வாரமும் போனேன் என்று நினைக்கிறேன்.

சரி, அட்லாண்டிக். 2023 செப்டம்பரில் ஏ.சி.சி., அதாவது உங்கள் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், கூப்பிட்டது, கூடவே ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியில் இருக்கிற கால் (கலிஃபோர்னியா) அணியையும். அந்த இரண்டும் இருப்பது பசிபிக் ஓரத்தில்! புவியியலை அவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் டீச்சர், நீங்களும் விட்டுவிடுங்கள். டல்லாஸ்காரர்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான் பெரிசு: ஒன்பது வருஷத்துக்கு டி.வி. பணத்தில் பங்கே வேண்டாம், இலை மட்டும் போடுங்கள், சோறு நாங்களே கொண்டுவருகிறோம் என்று உள்ளே போனார்கள். எண்ணெய்ப் பணமும் ரியல் எஸ்டேட் பணமும் உள்ள பழைய மாணவர்கள் ஒரே வாரத்தில் பத்து கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் உறுப்பினர். பதினேழு அணிகளில் இவர்கள் நடுவில் வந்தாலே பெரிசு என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். செப்டம்பர் 6 அன்று யூட்டா மாநிலத்து பி.ஒய்.யூ. கல்லூரியிடம் சொந்த மண்ணில் 18-15 என்று தோற்றபோது, சரிதான், பழைய கதை தொடங்கியாச்சு என்று கிளம்பி வந்துவிட்டேன். பயிற்சியாளர் ரெட் லாஷ்லி அதற்குப் பிறகு கெவின் ஜென்னிங்ஸ் என்ற பையன் கையில் ஆட்டத்தை ஒப்படைத்தார். டல்லாஸ் பையன், சவுத் ஓக் கிளிஃப் பள்ளி. 2021ல் அந்தப் பள்ளிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தவன். 

அடுத்த மேட்ச் டி.சி.யூ.வோடு. இந்த இரண்டு ஊருக்கும் கோப்பை என்ன தெரியுமா? ஒரு இரும்பு வாணலி. நிஜமாகவே. 66-42 என்று வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டி.சி.யூ. பயிற்சியாளர் சானி டைக்ஸ் இதற்கு முன் இங்கே இருந்துவிட்டுப் போனவர். அவரை அன்று நடுவரே வெளியே அனுப்பிவிட்டார். எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கைகூப்பி வழியனுப்பினார்.

செப்டம்பர் 28, ஏ.சி.சி.யில் முதல் ஹோம் மேட்ச். வந்தது ஃபுளோரிடா ஸ்டேட், போன வருஷ சாம்பியன். 42-16. டச்டவுன் போட்டால், அதாவது பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால், பெருனா என்ற கறுப்புக் குட்டிக் குதிரையை மைதானத்தில் ஓட விடுவார்கள், 1932லிருந்து இந்த வழக்கம். அன்று அது ஓடி ஓடிக் களைத்துப்போனது. அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாணவர்களைப் பார்க்க வேண்டும் நீங்கள், குதிரை அவர்களை ஓட்டுகிறதா அவர்கள் குதிரையையா என்றே தெரியாது.

அப்புறம் லூயிவில், ஸ்டான்ஃபோர்டு. டியூக் மேட்ச்சை எப்படிச் சொல்ல? பந்தை ஆறு தடவை எதிராளியிடம் பறிகொடுத்தார்கள். ஆறு! கடைசி நொடியில் டியூக் உதைத்த பந்தை ஒருவன் கையை நீட்டித் தடுத்தான், ஓவர்டைமில் 28-27. என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள், எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து. பிட்ஸ்பர்க், பாஸ்டன் காலேஜ், வர்ஜீனியா, கால்... ஏ.சி.சி.யில் எட்டுக்கு எட்டு வெற்றி.

இப்போது நேற்றைய ராத்திரி. சார்லட் நகரில் கிளெம்சன் அணியோடு ஏ.சி.சி. இறுதிப் போட்டி. பாதியில் 24-7 பின்னால். கடைசி கால் பகுதி தொடங்கும்போது 31-14. பதினாறு விநாடி மிச்சம் இருக்கும்போது ஜென்னிங்ஸ் போட்ட டச்டவுனில் 31-31. வீட்டில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அந்தப் பதினாறு விநாடிக்குள் கிளெம்சன்காரர்கள் பந்தை நாற்பது யார்டு திருப்பிக் கொண்டுவந்து, ஒரு பாஸ் போட்டு, ஹாசர் என்ற முதலாண்டுப் பையன் 56 யார்டிலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தான், அதற்கு மூன்று பாயிண்ட், 34-31. மீட்டரில் சொன்னால் 51. பந்து காற்றில் இருக்கும்போதே கடிகாரம் முடிந்துவிட்டது. உங்கள் பையன் அழுதது அந்தப் பந்து காற்றில் இருந்த மூன்று நான்கு விநாடிக்கு.

இன்று மதியம் பிளே-ஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று, அதற்கான அணிப் பட்டியல் வரும். முதல் தடவையாக 12 அணிகள். தோற்றதால் நம்மைத் தள்ளிவிட்டு அலபாமாவை எடுப்பார்களோ என்று வயிற்றைக் கலக்குகிறது. அவனிடம் அதைக் கேளுங்கள், தானாகப் பேசுவான்.

---

ஆஸ்டின்_அருள் | 9 டிசம்பர் 2024

பட்டியல் வந்துவிட்டது. எஸ்.எம்.யூ. உள்ளே, 11வது இடம். அலபாமா வெளியே. 21ஆம் தேதி பென் ஸ்டேட் மைதானத்தில். வாழ்த்துகள்.

ஆனால் ரிச்சர்ட்சன் அண்ணன் ஒரு விஷயத்தை நைசாக விட்டுவிட்டார். எட்டுக்கு எட்டு என்றால் யாரோடு? அட்டவணையில் கிளெம்சன் இல்லை, மயாமி இல்லை. அந்த "போன வருஷ சாம்பியன்" ஃபுளோரிடா ஸ்டேட் இந்த வருஷம் மொத்தமே இரண்டு மேட்ச்தான் ஜெயித்தது. நாங்களும், அதாவது ஆஸ்டினில் இருக்கிற டெக்சாஸ் அணியும், இதே வருஷம்தான் எஸ்.இ.சி. என்ற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போனோம். ஜார்ஜியாவிடம் அக்டோபரில் ஒரு அடி, நேற்று முன்தினம் இறுதிப் போட்டி ஓவர்டைமில் 22-19 என்று இன்னொரு அடி. அது முதல் வருஷம். டீச்சர், உங்கள் பையனிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம்.

---

ரிச்சர்ட்சன்காரன் | 9 டிசம்பர் 2024

தம்பி, அட்டவணை நாங்கள் போட்டதில்லை. கிளெம்சன் தோற்ற லூயிவில்லை அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்தோம். எஸ்.இ.சி.க்கு உங்களைச் சிவப்புக் கம்பளம் விரித்துக் கூப்பிட்டார்கள். நாங்கள் கட்டுச்சோறோடு போனவர்கள். இரண்டும் ஒன்றா?

ஃபுளோரிடா ஸ்டேட் பற்றிச் சொன்னது சரிதான். அதை ஒப்புக்கொள்கிறேன், மனசில்லாமல்.

---

காரைக்குடி டீச்சர் | 22 டிசம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. ரிச்சர்ட்சன் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பையனிடம் "95-21 தெரியுமாடா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை! அன்றிலிருந்து என்னை மதித்துப் பேசுகிறான்.

நேற்று ராத்திரி பத்தரைக்கு பென் ஸ்டேட் மேட்ச். அவன் ரூமில் டி.வி.க்கு முன்னால் போனை வைத்து வீடியோ காலில் காட்டினான். திரை கையகலம், பந்து கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம், எல்லாம் வெள்ளைச் சட்டை, வாயிலிருந்து புகை புகையாக மூச்சு. அந்த ஜென்னிங்ஸ் பையன் எறிந்த பந்தை எதிராளி பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனும் அதே மாதிரி. பாதி ஆட்டத்தில் 28-0. என் பையன் ஒன்றும் பேசவில்லை, கூட இருந்த வடநாட்டுப் பையன்தான் திட்டிக்கொண்டிருந்தான். 38-10 என்று முடிந்தபோது இங்கே மணி இரண்டு.

நான் இந்தத் தடவை சமாதானம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவன் அழவில்லை. "பசிக்குதும்மா, ரசப்பொடி தீர்ந்துபோச்சு" என்றான். மூன்று பாயிண்டுக்கு அழுதவன் இருபத்தெட்டு பாயிண்டுக்கு ஏன் அழவில்லை?

---

ரிச்சர்ட்சன்காரன் | 22 டிசம்பர் 2024

இருபத்தெட்டு பாயிண்டில் தோற்றால் தூக்கம் வரும் டீச்சர். மூன்றில்தான் வராது.

ஜென்னிங்ஸைத் திட்ட வேண்டாம் என்று அந்த வடநாட்டுப் பையனிடம் சொல்லச் சொல்லுங்கள். உறைகிற குளிர், ஒரு லட்சம் பேர் கத்தல், மூன்று பந்து பறிபோனது உண்மைதான். ஆனால் அவன் இல்லையென்றால் நாம் அங்கே போயிருக்கவே மாட்டோம். பதினொன்று ஜெயித்து மூன்று தோற்றோம். 2003ல் முன் வரிசையில் செய்தித்தாள் படித்த தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் பேப்பரை மடித்தே இருக்க மாட்டார், நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பையனுக்கு ரசப்பொடி என் வீட்டில் இருக்கிறது. கல்லூரியிலிருந்து இருபது நிமிஷம்தான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.

---

காரைக்குடி டீச்சர் | 23 டிசம்பர் 2024

சொல்லிவிட்டேன் தம்பி, வருகிறானாம். இன்னொன்று கேட்க வேண்டும். விசா கிடைத்தால் ஆகஸ்டில் நான் அங்கே வரலாம் என்று இருக்கிறேன். அடுத்த சீசன் எப்போது? அந்தக் குதிரை ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

---

ரிச்சர்ட்சன்காரன் | 23 டிசம்பர் 2024

ஆகஸ்ட் 30, சொந்த மண்ணில்தான். வெயில் காரைக்குடி மாதிரியே கொளுத்தும், தொப்பி எடுத்து வாருங்கள். மூன்று டிக்கெட்டாக வாங்கிவிடுகிறேன்.