குறுக்குவெட்டில் மூன்று திசுக்கள்

நிலா: அத்தை, தாவரத் திசுக்களில் பாரங்கைமா, கோலங்கைமா, ஸ்கிளீரங்கைமா மூன்றும் எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறது. நாளை மறுநாள் தேர்வு.

வசந்தி அத்தை: பெயரை விடு. செல்சுவர் எப்படி இருக்கிறது, செல் உயிரோடு இருக்கிறதா, இந்த இரண்டையும் பார். மீதி தானாக வரும். சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறதா?

நிலா: இருக்கிறது. எடுத்துவிட்டேன்.

வசந்தி அத்தை: நடுவில் பெரிய பெரிய செல்கள், மெல்லிய சுவர், இடையிடையே சின்ன இடைவெளி. அதுதான் பாரங்கைமா. உயிருள்ளது. உணவைச் சேமிக்கும், பசுங்கணிகம் இருந்தால் ஒளிச்சேர்க்கையும் செய்யும்.

அப்பா: மெதுமெதுவென்று இருப்பதெல்லாம் அதுதானா வசந்தி?

வசந்தி அத்தை: பெரும்பாலும் அதுதான் அண்ணா. ஆனால் எனக்கு அதில் பிடித்ததே வேறு. வளர்ந்து முடிந்த பிறகும் அந்தச் செல்லால் மறுபடி பகுப்படைய முடியும். வெட்டி நட்ட கிளை வேர்விடுவதும், தண்டில் பட்ட காயம் ஆறுவதும் அதனால்தான்.

வசந்தி அத்தை: நிலா, இப்போது புறத்தோலுக்கு நேர் கீழே பார். சுவர் ஒரே சீராக இல்லாமல் மூலைகளில் மட்டும் தடித்திருக்கும். கோலங்கைமா. இதுவும் உயிருள்ளதே. சுவரில் செல்லுலோஸும் பெக்டினும் உண்டு, சுவரை மரம்போல் விறைப்பாக்கும் லிக்னின் கிடையாது. அதனால்தான் இளந்தண்டும் இலைக்காம்பும் காற்றில் ஒடியாமல் வளைந்து நிமிர்கின்றன, கூடவே நீளவும் செய்கின்றன.

நிலா: வேரில் இருக்குமா?

வசந்தி அத்தை: பொதுவாக இருக்காது. ஒருவித்திலைத் தாவரங்களிலும் பெரும்பாலும் கிடையாது.

நிலா: நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றையின் தலையில் சிவப்பாகத் தெரிவது?

வசந்தி அத்தை: சபாஷ், அதுதான் ஸ்கிளீரங்கைமா. சாஃப்ரானின் சாயம் லிக்னினைப் பிடித்துக்கொள்வதால் அந்தச் சிவப்பு. சுவர் சுற்றிலும் தடித்து, நடுவில் குறுகலான உள்வெளிதான் மிஞ்சும். முதிர்ந்ததும் செல் இறந்துவிடும், சுவர் மட்டும் நின்று தாங்கும். நீளமாக இருந்தால் நார், குட்டையாக இருந்தால் ஸ்கிளீரைடு. பேரிக்காயைக் கடித்தால் பல்லில் நறநறவென்று படுவது ஸ்கிளீரைடுதான்.

அப்பா: அப்போ சணல், தேங்காய் நார், பருத்தி எல்லாம் ஸ்கிளீரங்கைமாவா?

வசந்தி அத்தை: முதல் இரண்டும் ஆமாம். பருத்தி இல்லை அண்ணா. அது விதையின் மேல்தோல் செல் நீண்டு வளர்ந்த மயிர், ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ்.

நிலா: நீரைக் கடத்தும் சைலம், உணவைக் கடத்தும் ஃபுளோயம் இதில் எங்கே வரும்?

வசந்தி அத்தை: இந்த மூன்றும் எளிய திசு, ஒரே வகைச் செல்லால் ஆனவை. சைலமும் ஃபுளோயமும் பலவகைச் செல்கள் சேர்ந்த கூட்டுத்திசு. அவற்றுக்குள்ளேயும் பாரங்கைமாவும் நாரும் உண்டு, நாளை பார்க்கலாம். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் குறுக்குவெட்டை வரைந்து இங்கே போடு.

நிலா: சரி அத்தை. கோலங்கைமாவுக்கு மூலைகளைப் பென்சிலால் அழுத்தினால் போதுமா?

வசந்தி அத்தை: போதும். நாருக்குச் சுவர் முழுக்க அழுத்து, நடுவில் சின்ன இடம் மட்டும் விடு.