வோல்டேஜ் டிராப்: ‘வீழ்ச்சி’ வேண்டாம், ‘வழிச்சேதாரம்’ என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வோல்டேஜ் டிராப்புக்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது ‘வழிச்சேதாரம்’ என்ற புதுச்சொல் எதற்கு என்று நேற்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரை எனக்கும் அதே எண்ணம்தான். கார் மின்பழுது பற்றி நான் எழுதிவரும் கையேட்டில் அந்தச் சொல்லையே போட்டிருந்தேன். கைவேலை தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்கட்டும் என்று அல்சூரில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பிரதியைக் கொடுத்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து முப்பது வருடமாகிறது அவருக்கு. தினமும் தமிழ்ப் பேப்பர் படிப்பவர். ‘மின்னேற்ற அமைப்பில் மின்னழுத்த வீழ்ச்சியை அளக்கவும்’ என்ற வரியை வாசித்தார், மீட்டரை எடுத்தார், சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கருப்பை மைனஸிலும் வைத்தார்.

“பன்னெண்டு புள்ளி நாலு காட்டுதும்மா. ஒண்ணும் பெருசா விழலையே?”

அவர் மேல் தப்பில்லை, என் வரி மேல்தான் தப்பு. விலை வீழ்ச்சி என்றால் நேற்று இருந்த விலை இன்று இல்லை. ‘வீழ்ச்சி’ என்றதும் முன்பு உயரத்தில் இருந்தது இப்போது கீழே வந்துவிட்டது என்றே தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். அது காலத்தில் நடப்பது. வோல்டேஜ் டிராப் அப்படியல்ல. ஒரே நொடியில், ஒரே ஒயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையில் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசம். பேட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால் அது கண்ணில் படவே படாது.

சரியான சொல்லும் அவரிடமிருந்தே எனக்குக் கிடைத்தது. ஜனவரியில் என் கார் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், பிறகு எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். கணிசமான பணம் போயிற்று, நோய் போகவில்லை. கடைசியில் அண்ணனிடம் கொண்டுபோனேன். எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு முனை, ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பி பிளஸ் போல்ட்டில், இன்னொன்று பேட்டரியின் பிளஸ் ஈயமுனையில். மேலே கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயத்திலேயே வைத்தார். 0.82 வோல்ட். இந்த இடத்தில் 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் திரும்பும் எர்த் பக்கம், ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில், வெறும் 0.04.

“ஆல்டர்னேட்டரு பதினாலு புள்ளி மூணு நல்லாத்தான் தருது. பேட்டரிக்குப் பதிமூணரைகூடப் போய்ச் சேரல. நடுவுல சேதாரம்.”

பிறகு ஒரு முனையை மட்டும் இணைப்பு இணைப்பாக நகர்த்தினார். ஒரே இடத்தில் 0.7 நின்றது. அந்தக் கருப்பு ரப்பர் மூடியைத் தள்ளியதும் தெரிந்தது: ஒயர் நுனியை நசுக்கிப் பிடித்திருந்த லக் என்ற உலோக வளையத்தின் கழுத்தில் பச்சைப் பொடி, உள்ளே செம்பு இழைகள் கறுத்துக் கிடந்தன. எஞ்சினை அணைத்த பின்னும் கை வைக்க முடியாத சூடு. ஏறத்தாழ 50 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.7 வோல்ட் நின்றால் 35 வாட்; ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. தடை என்று கணக்கிட்டால் 0.014 ஓம்தான். சாதாரண மீட்டரைத் தடை அளக்கும் ஓம்ஸில் வைத்தால் ‘ஒயர் நன்றாக இருக்கிறது’ என்றே சொல்லும், ஏனென்றால் மீட்டரின் சொந்த ஒயர்களே அதைவிட அதிகத் தடை காட்டும். ஓட்டம் இருக்கும்போது அளந்தால்தான் பிடிபடும். நுனியை வெட்டிப் புது லக் போட்டார். 0.11 ஆயிற்று, பேட்டரியில் 14.1 வந்தது.

சேதாரம். தங்கம் வாங்கிய எந்தக் குடும்பத்துக்கும் பொருள் சொல்லத் தேவையில்லாத சொல். கொடுத்ததற்கும் கையில் வந்ததற்கும் இடையில், வேலையின் வழியிலேயே போய்விடுவது. அறவே இல்லாமல் செய்ய முடியாது. இவ்வளவு போகலாமா என்றுதான் கேட்க முடியும். 0.2க்கும் 0.8க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல் தானாகவே சுமக்கிறது. ‘வழி’யை முன்னே சேர்த்தால் மீட்டரை எங்கே வைப்பது என்பதும் விளங்கிவிடும்.

‘சேதம்’ வடசொல் வழி வந்தது, ‘வழித்தேய்வு’ என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். தேய்வு என்றால் ஒயரே நாளடைவில் தேய்வதாகப் பொருள்படும்; புது ஒயரிலும் கொஞ்சம் சேதாரம் உண்டு. ‘மின்கசிவு’ கூடவே கூடாது. செய்தித்தாள்களில் தீ விபத்து என்றாலே மின்கசிவுதான். போதாததற்கு, நிறுத்திவைத்த காரில் பேட்டரியைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் ஓட்டத்துக்கு அந்தச் சொல் நமக்கு வேண்டும். ‘மின்தடை’ பட்ட பாட்டை மறக்க வேண்டாம்: பாடநூலில் அது ஒயரின் குணம், பேப்பரில் கரண்ட் இல்லாத நேரம்.

இதுவரை வந்த மறுப்புகளில் வலுவானது, பல்பின் இரு முனைகளுக்கு இடையில் இருப்பதும் டிராப்தானே, அது சேதாரமா என்பது. நியாயமான கேள்வி. அங்கே வோல்ட் வீணாகவில்லை, விளக்கு எரிகிறது. அதனால் இரண்டு சொல்லாகப் பிரிக்கலாம் என்கிறேன். மின்சுற்றில் எந்த உறுப்பின் இரு முனைகளுக்கு இடையிலும் இருப்பதற்குப் பொதுப்பெயர் ‘மின்னழுத்த இறக்கம்’. அந்த இறக்கம் ஒயரிலும் இணைப்பிலும் வேண்டாமல் நிகழ்ந்தால் ‘வழிச்சேதாரம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, ஆல்டர்னேட்டரின் பிளஸ்ஸிலிருந்து பேட்டரியின் பிளஸ் வரை வழிச்சேதாரம் எவ்வளவு என்று பார்க்கவும்.’ சனிக்கிழமை அல்சூர் போகிறேன். எதுவும் விளக்காமல் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மீட்டர் எங்கே போகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அதற்குள் வேறு சொல் தோன்றியவர்கள் அனுப்புங்கள், அதையும் எடுத்துப்போகிறேன்.