கால்குலேட்டர் சொன்ன டோஸையே கொடுத்தும் நள்ளிரவில் சர்க்கரை 52

எட்டு வயதுப் பையனின் அம்மா:
என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் பம்ப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நேற்று இரவு 7:30க்குச் சாப்பாடு, 40 கிராம் மாவுச்சத்து. 20 கிராமுக்கு 1 யூனிட் என்ற கணக்கில் 2 யூனிட் போனது. 9:30க்குப் பார்த்தால் சர்க்கரை 300. பம்பில் உள்ள கால்குலேட்டரில் போட்டேன். இலக்கு 120, ஒரு யூனிட் 90 புள்ளி இறக்கும். 180ஐ 90ஆல் வகுத்து இன்னொரு 2 யூனிட் என்றது. கொடுத்தேன். 12 மணிக்கு சென்சார் அலறியது, 52. தூக்கத்தில் வேர்த்து நனைந்து கிடந்தான். அவனை எழுப்பிக் குளுக்கோஸ் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? சர்க்கரை சீக்கிரம் இறங்கட்டும் என்று ஆக்டிவ் இன்சுலின் நேரத்தை (போட்ட இன்சுலின் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று பம்புக்குச் சொல்லும் அமைப்பு) மட்டும் நான் 2 மணியாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

பதினான்கு வயதுப் பெண்ணின் அப்பா:
அம்மா, கடைசியாகச் சொன்னீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். சாப்பாட்டுக்குப் போடும் வேக இன்சுலின் 2 மணியில் தீர்வதில்லை. 3 முதல் 5 மணி நேரம் வரை வேலை செய்யும். நீங்கள் 2 என்று வைத்ததால் 9:30க்கு உடம்பில் மிச்சம் பூஜ்யம் என்று பம்ப் நம்பிவிட்டது. 4 மணி என்று வைத்துக்கொண்டால் அந்த 2 யூனிட்டில் சுமார் 0.8 இன்னும் பாக்கி இருந்திருக்கும். அதைக் கழித்தால் கரெக்ஷன், அதாவது ஏறிய சர்க்கரையை இறக்கும் டோஸ், 1.2தான். கூடுதலாகப் போன 0.8ஐ 90ஆல் பெருக்கிப் பாருங்கள், 72. 120லிருந்து அதைக் கழித்தால் 48. உங்கள் 52 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

நானும் பார்த்திருக்கிறேன், டோஸ் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் கை அந்த அமைப்புக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். உண்மையில் டோஸ் குறைவாக இருந்தால் மாற்ற வேண்டியது கார்ப் விகிதத்தையோ (எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்பது) கரெக்ஷன் அளவையோ. அதையும் மருத்துவரோடு பேசித்தான். அப்புறம் ஒன்று: தட்டை வைத்த பிறகு போலஸ், அதாவது சாப்பாட்டு டோஸ், கொடுக்கிறீர்களா? என் மகளுக்குச் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னால் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த இரண்டு மணி நேர ஏற்றம் பெரிதும் அடங்கியது.

ஏழு வயதிலிருந்து டைப் 1:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. பம்ப் தள்ளிய இன்சுலினைத்தான் கால்குலேட்டருக்குத் தெரியும், உள்ளே போனதை அல்ல. தோலுக்குள் இருக்கும் சின்னக் குழாயான கேனுலா மடங்கியிருந்தாலும், இடம் கசிந்தாலும் அது மிச்சம் இருப்பதாகவே காட்டி அடுத்த டோஸைக் குறைக்கும். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. அதனால் இன்சுலின் போகாவிட்டால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும். கரெக்ஷன் கொடுத்து 2 மணி கழித்தும் இறங்கவில்லை என்றால் நான் திரையை நம்பமாட்டேன். கீட்டோன் பார்ப்பேன், இன்சுலின் பேனாவில் ஊசி போடுவேன், பம்பின் குழாய் செட்டைக் கழற்றிப் புதிது மாட்டுவேன். பேனா எப்போதும் பையில் இருக்கும். தம்பிக்கும் ஒன்று வைத்திருங்கள், பள்ளிப் பையில்கூட.

எட்டு வயதுப் பையனின் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. அன்று காலையே மருத்துவரிடம் பேசினேன். நேரத்தை 4 மணியாக மாற்றச் சொன்னார், விகிதத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றார். போலஸ் தட்டு வைத்த பிறகுதான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அவன் முழுதாகச் சாப்பிடுவானா என்ற பயம். பாதியை முன்னாலும் மீதியைச் சாப்பிட்டு முடித்ததும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நேரத்தை மாற்றி இது நான்காவது இரவு. படுக்கும்போது 148, மூன்று மணிக்கு 117. பேனா வாங்கியாயிற்று. கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் பார்ப்பதா, ரத்தத்தில் பார்ப்பதா? எது சீக்கிரம் காட்டும்?

ஏழு வயதிலிருந்து டைப் 1:
ரத்தம், அக்கா. சிறுநீரில் தெரிவது சில மணி நேரம் பழைய நிலை.