கொலுசு டிசைன் படங்களைப் பூட்டி அனுப்ப வழி சொல்லுங்கள்

வணக்கம். சேலம் செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு டிசைன் செய்கிறோம். புது டிசைன் படங்களை வெளியூர் வியாபாரிகளுக்கு மெயிலில் அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. பட்டறைக்குப் போகுமுன்னே டிசைன் கடைவீதிக்குப் போய்விடும் தொழில் இது.

தம்பி கல்லூரி புராஜெக்டுக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறான். அர்னால்டு கேட் மேப் முறையில் பிக்சல்களைக் கலைத்துப் போடுகிறது. பார்க்க வெறும் புள்ளிக் குப்பைதான். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு கட்டத்தில் பழைய படமே வந்து நிற்கிறது! போதாக்குறைக்கு, பிக்சல்கள் இடம்தான் மாறுகின்றன, மதிப்பு மாறுவதில்லை. ஹிஸ்டோகிராம், அதாவது எந்த நிறத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு, அப்படியே இருக்கிறது. இதை நம்ப முடியாது என்பது என் கட்சி. அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டுவது. 2001 முதல் அமெரிக்க அரசின் தரம். அதிலும் கோப்பைக் கட்டம் கட்டமாகத் தனித்தனியே பூட்டும் இசிபி முறை என்றால், சுருக்காத படத்தில் ஒரே மாதிரியான கட்டங்கள் ஒரே மாதிரியே பூட்டப்படும். வெள்ளைப் பின்னணியில் கொலுசின் உருவம் தெரிந்துவிடும். ஏஇஎஸ்ஸிலேயே ஜிசிஎம் என்ற இன்னொரு முறையில் அந்தத் தொல்லை இல்லை. வழியில் யாராவது கோப்பை மாற்றியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் எதிர்முனையில்தான். வியாபாரிகள் பலரிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டுமே. அதில் திறக்க எளிய, இலவச ஆப் எது? ஏஇஎஸ்-256 (256 பிட் சாவி) போட்ட ஜிப் கோப்பே போதுமா? கடவுச்சொல்லைப் போனில் வாயால் சொன்னால் போதுமா, இல்லை ஆளுக்கொரு பொதுச்சாவி (அதைக் கொண்டு நாங்கள் பூட்டுவோம், அவரவர் ரகசியச் சாவியால்தான் திறக்கும்) வைக்க வேண்டுமா? திறந்தபின் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எந்தப் பூட்டும் உதவாது, சரி. அதுவரைக்குமாவது பாதுகாப்பாகப் போகவேண்டும். நேரடியாகப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.