புதுப்பிப்பு: தனியாகத் தூங்க மறுத்த மகள், 3 மாதம் கழித்து

9 வயது மகள் தனி அறையில் தூங்கவே பயப்படுகிறாள், மனநல ஆலோசகரிடம் போகலாமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றீர்கள், மீதிப் பேர் போகச் சொன்னீர்கள். போனோம்.

அவளைவிட எங்களிடம்தான் அதிகக் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு இரவும் "கதவு பூட்டியாச்சா?" என்று அவள் பத்து முறை கேட்க, நாங்களும் பத்து முறை பதில் சொல்லி, கடைசியில் பக்கத்திலேயே படுத்துக்கொள்வோம் இல்லையா, அந்த அரவணைப்பே பயத்துக்குத் தீனி போடுகிறதாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, கொஞ்சம் கோபமும்தான்.

அப்புறம் ஒரு ஏணி வரையச் சொன்னார்கள். கீழ்ப்படியில் விளக்கைப் போட்டுவிட்டு 5 நிமிடம் தனியாக இருப்பது, மேல்படியில் விளக்கை அணைத்து இரவு முழுக்க. ஒவ்வொரு படிக்கும் பயம் எவ்வளவு என்று அவளே 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டாள். அது இறங்கிய பிறகுதான் அடுத்த படி. புது வித்தையெல்லாம் இல்லை. முயலைக் கண்டு பயந்த ஒரு சின்னப் பையனுக்கு மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படிப் படிப்படியாகப் பழக்கியதை 1924இலேயே எழுதிவிட்டார்.

நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு படி சறுக்கினாள். இப்போது நான்காவது படி, கதவு பாதி திறந்திருக்க வேண்டும். நேற்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள். பதில் சொல்லாமல் இருக்க நான்தான் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.