வொட்டோவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

மார்க்கம் வாசி எழுதியது:

பேஸ்போல் வீரர் ஜோயி வொட்டோ ஓய்வுபெற்ற செய்தி வந்ததிலிருந்து என் கைத்தொலைபேசியில் பழைய நண்பர்களின் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. அவை ஆளுக்கொரு மூலையில் கிடக்காமல் இங்கே சேரட்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். மைதானத்தில் பார்த்ததோ, தொலைக்காட்சியில் பார்த்ததோ, எதுவானாலும் எழுதுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983இல் ரொறன்ரோவில் பிறந்து எற்றோபிக்கோவில் வளர்ந்த பிள்ளை. அப்பா சமையற்காரர், பேஸ்போல் பைத்தியம். மகனுக்குப் பந்து பிடிக்கப் பழக்கியவரும் அவர்தான். 2002இல், அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும்போது, அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட்ஸ் அணி வொட்டோவை 44ஆவது தெரிவாக எடுத்தது. 2007 செப்டம்பரில் பேஸ்போலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இறங்கியவர், 2023 வரை 2,056 ஆட்டங்களையும் அந்த ஒரே அணிக்காகத்தான் ஆடினார். 356 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), 2,135 ஹிட் (அடித்துத் தளத்தைப் பிடிப்பது). 2010இல், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. லாரி வாக்கர், ஜஸ்டின் மோர்னோ இருவருக்கும் பிறகு மேஜர் லீக்கில் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய மூன்றாவது கனடியர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவர் அடித்த பந்துகள் அல்ல, விட்ட பந்துகள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஒருவர் அழகாக விடுவதன் அருமை தெரியும். பேஸ்போலில் அப்படி நான்கு தவறான பந்துகளை விட்டால் முதல் தளத்துக்கு நடந்து போகலாம். வொட்டோவின் கண் அதற்கென்றே பிறந்தது. ஆயிரம் தடவை மட்டையோடு நின்றால் 409 தடவை அவுட்டாகாமல் தளத்தில் நிற்பார். பதினேழு வருடக் கணக்கு அது. அப்புறம் இன்னொன்று. உயரே கிளப்பி முதல் தளக்காரர் கையில் பிடி கொடுத்து அவர் அவுட்டானது, வாழ்க்கையில் முதல் தடவையாக 2019 ஏப்ரலில்தான். வந்து பன்னிரண்டாவது வருடம்! எனக்கு இது ஹோம் ரன்களைவிடப் பெரிய விஷயம்.

சரி, நீங்கள் எழுதுங்கள்.


இரவு டாக்சி எழுதியது:

எனக்கு பேஸ்போல் விதிகள் இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. இதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2008 கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் என் அப்பா தவறிவிட்டார். அப்போது ஏ9 பாதை மூடிக் கிடந்தது. இங்கே என் கடதாசி அலுவல்களும் முடிந்திருக்கவில்லை. தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். காடாத்தும் முடிந்துவிட்டது என்று அடுத்த நாள் சொன்னாள். ஐந்தாம் நாள் நான் டாக்சி ஓட்டப் போய்விட்டேன். வேறென்ன செய்வது?

2009 மார்ச் 7, ஒரு சனிக்கிழமை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன் என்று மைத்துனர் என்னை ரொறன்ரோவின் பேஸ்போல் மைதானமான ரொஜர்ஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார். உலக பேஸ்போல் போட்டி, கனடாவும் அமெரிக்காவும். நாற்பதாயிரத்துக்கும் மேல் சனம், எல்லாம் சிவப்பு. அந்த மாதங்களில் டவுன்டவுனுக்கு நாங்கள் போனதெல்லாம் பதாகையோடு வீதியோரம் நிற்கத்தான். ஜனவரிக் குளிரில் மனிதச் சங்கிலியில் நின்ற அதே நகரத்தில், நான் கதிரையில் இருந்து ஒரு விளையாட்டைப் பார்க்கிறேன் என்பதே எனக்குக் குற்றமாக இருந்தது.

அன்று கனடா ஆறுக்கு ஐந்து என்று தோற்றது. வொட்டோ ஒரு ஹோம் ரன் அடித்தார். பந்து போன பக்கம் எல்லோரும் எழும்ப, நானும் எழும்பினேன். பக்கத்தில் இருந்த மைத்துனர், "பாவம், இவருடைய தகப்பன் போன ஓகஸ்டில்தான் செத்தவர், ஐம்பத்திரண்டு வயது" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் தெரியவில்லை. அந்த ஒரு மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தில் நிற்கும்போது கால் மண்ணைக் கிளறும், கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டுவார். என்னை மாதிரி அவரும் வேலைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு மே மாதம் வந்தது. அந்த மே மாதத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. கார்டினர் நெடுஞ்சாலையில் சனம் ஏறி நின்ற இரவு நானும் அங்கே நின்றேன். அதற்கடுத்த கிழமைகளில் ஓரிரவு, பயணியை ஏற்றிக்கொண்டு டான் வேலி பார்க்வே நெடுஞ்சாலையில் போகும்போது நெஞ்சு அடைத்தது. கை விறைத்தது. மாரடைப்பு என்றே நினைத்து ஓரங்கட்டினேன். மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, பயத்தைத்தான் கூட்டியது. இதயம் இல்லையென்றால் பிறகு என்ன? விசராக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 23. வண்டிக்குள் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ரெட்ஸ் அணி ரொறன்ரோவுக்கு ஆட வந்திருந்தது. சில கிழமைகளாக அணியில் இல்லாமல் இருந்த வொட்டோ அன்றுதான் நிருபர்களுக்கு முன்னால் இருந்து காரணத்தைச் சொன்னாராம். அப்பா செத்த பிறகு துக்கத்தை அடக்கிக்கொண்டு ஆடியது, மனச்சோர்வு, திடீர்த் திடீரென்று வந்த பதற்றம், ஓரிரவு தனியே இருக்கும்போது சாகப்போகிறேன் என்ற பயத்தில் 911ஐ அழைத்தது, எல்லாவற்றையும். பிறந்த ஊருக்கு வந்து, அப்பா கூட்டிக்கொண்டு போயிருக்கக்கூடிய அந்த மைதானத்தில் வைத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

நான் வண்டியைக் கிங் வீதியில் ஒரு பக்கமாக நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு நடந்தது. பெயர் இருக்கிற ஒரு வருத்தம் அது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அடுத்த கிழமை குடும்ப வைத்தியரிடம் போய், "எனக்கும் அந்த பேஸ்போல்காரருக்கு வந்ததுதான்" என்று சொன்னேன். அந்த மனிதருடைய பெயரைச் சொல்லித்தான் என்னால் என் கதையைத் தொடங்க முடிந்தது.

அடுத்த வருடம் அவர் 37 ஹோம் ரன் அடித்து அந்தப் பெரிய விருதை வாங்கினார். செய்தி வந்த அன்று நான் வீட்டில் பாயாசம் காய்ச்சச் சொன்னேன். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.


மிசிசாகா ஆசிரியை எழுதியது:

டாக்சி அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எழுதியதற்கு நன்றி.

என்னுடைய அனுபவம் கொஞ்சம் கசப்பானது, அதையும் எழுதுகிறேன். 2018 மே மாதம் ஜேம்ஸ் பாக்ஸ்டன் என்ற இன்னொரு கனடியர் நம் ரொறன்ரோவில் வந்து, நம் ஊர் அணியான புளூ ஜேஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களில் வொட்டோ ஒரு பேட்டியில், பாக்ஸ்டன் செய்ததைப் பற்றித் தனக்குக் கவலையே இல்லை, புளூ ஜேஸும் கனடாவும் தனக்கு ஒரு பொருட்டில்லை என்ற பொருளில் பேசிவிட்டார். வகுப்பில் ஒரு பெடியன் சுவரில் ஒட்டியிருந்த வொட்டோ படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "மிஸ், இவர் எங்களுடைய ஆள் இல்லையாம்."

வொட்டோ பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நான் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் படம் என் லாச்சியிலேயே கிடந்தது, திரும்ப ஒட்ட அவன் கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஆறவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைப் பற்றிக் கோபத்தில் பேசுவதை நம் வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம், அது ஏன் வருகிறது என்றும் தெரியும். தெரிந்தும் வலித்தது.


சின்சினாட்டிக்காரன் எழுதியது:

வணக்கம். நான் மதுரைக்காரன், 2011லிருந்து சின்சினாட்டியில் வேலை. இங்கே அவர் எப்படி இருந்தார் என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

2012ல் பத்து வருஷத்துக்கு 22.5 கோடி டாலர் ஒப்பந்தம். அன்றிலிருந்து இந்த ஊரில் பாதிப் பேர் அவரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2013ல் 135 முறை நடந்தே முதல் பேஸுக்குப் போனார், அவர் அடித்து அணிக்குக் கிடைத்த ரன் 73 தான். "இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு நடந்து போகிறானே" என்று என் ஆபீஸிலேயே தினமும் பேச்சு. நான் மதிய உணவு நேரத்தில் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவேன், அவுட் ஆகாமல் இருப்பதே இந்த ஆட்டத்தில் பெரிய செல்வம் என்று. யாரும் கேட்க மாட்டார்கள்.

அணியும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. 2010, 2012, 2013, 2020 என்று நாலு முறை சீசன் கடைசியில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போனது, ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை. 2010ல் முதல் ஆட்டத்திலேயே பிலடெல்பியாவின் ராய் ஹாலடே ஒரு ஹிட்கூட விடவில்லை. அதற்கு முந்தின வருஷம் வரை புளூ ஜேஸுக்கு வீசியவர், டொராண்டோ நண்பர்களுக்கு ஹாலடே யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. 2017 ஆகஸ்ட் 31, மெட்ஸ் அணியோடு ஆட்டம், நான் என் மகளோடு போயிருந்தேன். புற்றுநோயோடு போராடிய ஆறு வயதுப் பையன் ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். வொட்டோ ஹோம் ரன் அடித்துவிட்டு நேராக அவனிடம் போய்க் கையைத் தட்டினார், மட்டையையும் போட்டிருந்த சட்டையையும் அவனுக்கே கொடுத்தார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து பையனின் முகம் தெரியவில்லை, தொப்பி மட்டும் தெரிந்தது. சில வாரங்களில் அந்தப் பையன் இறந்துவிட்டான். என் மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை, 2021ல் சான் டியேகோவில் நடுவரோடு வாதாடி முதல் இன்னிங்ஸிலேயே வெளியேற்றப்பட்டார். அவரைப் பார்க்கவே வந்த ஒரு சிறுமி அழுததைக் கேள்விப்பட்டு, முழு ஆட்டமும் ஆடாததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பந்தில் எழுதி அனுப்பினார். மறுநாள் நேரிலும் பார்த்தார்.

2023 செப்டம்பர் 24, சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அவர் மட்டையோடு வந்ததும் மொத்த மைதானமும் எழுந்து நின்றது. பத்து வருஷம் குறை சொன்ன என் ஆபீஸ் நண்பரும் எழுந்து நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.


இரவு டாக்சி எழுதியது:

தம்பி, நன்றி. அந்தப் பிள்ளையின் கதை எனக்குத் தெரியாது.

ஆசிரியை, நீங்கள் எழுதியது நியாயம். ஆனால் அவர் திரும்பி வந்தார் தானே. மார்க்கம் வாசி அதை எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


மார்க்கம் வாசி எழுதியது:

எழுதுகிறேன். இது எங்கள் வீட்டுக் கதை.

2023 கடைசியில் ரெட்ஸ் அவரை விட்டுவிட்டது. நாற்பது வயது, தோளில் சத்திரசிகிச்சை செய்தவர். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 2024 மார்ச்சில் புளூ ஜேஸ் அணியோடு மைனர் லீக் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். பெரிய அணியில் இடம் உறுதியில்லை, கீழிருந்து ஆடிக் காட்டினால்தான் உண்டு. புளோரிடாவில் பயிற்சி ஆட்டம், முதல் தடவை மட்டையோடு நிற்கிறார், முதல் பந்து, ஹோம் ரன். என் மகன் தொலைக்காட்சிக்கு முன்னால் துள்ளியதில் மேசையில் இருந்த தேத்தண்ணி கொட்டியது. ஆனால் அதே ஆட்டத்தில், கீழே கிடந்த ஒரு மட்டையில் கால் வைத்துக் கணுக்கால் புரண்டுவிட்டது. மாதக்கணக்கில் ஆட முடியவில்லை.

கோடை முடியும் நேரத்தில்தான் பஃபலோ அணிக்கு வந்து சேர்ந்தார். ரொறன்ரோவுக்கு ஒரு படி கீழே. மகனும் நானும் தினமும் இரவில் புள்ளிகளைப் பார்ப்போம். ஓடவில்லை. நூறு தடவைக்கு இருபது தடவைகூட அடி விழவில்லை. அந்தக் கண் இருந்தது, கைக்குத்தான் வேகம் போதவில்லை. மகன், "அப்பா, செப்டம்பரில் ரொறன்ரோவுக்குக் கூப்பிடுவார்களா?" என்று கேட்பான். கூப்பிடுவார்கள் என்றே நான் நம்பினேன். அவருடைய பெயருக்காகவாவது ஒரு நாள் இறக்கியிருப்பார்கள்.

ஓகஸ்ட் 24 சனிக்கிழமைக்குப் பஃபலோவில் டிக்கெட் எடுத்தோம், முதல் தளத்துக்குப் பக்கத்தில். புதன்கிழமை இரவு அவர் பஃபலோ மைதானத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி, ஓய்வுபெறுகிறேன் என்று ஒரு காணொளி போட்டார். கூடவே எழுதியதை நம்மில் பலர் வாசித்திருப்பீர்கள். ரொறன்ரோவுக்கும் கனடாவுக்கும் முன்னால் ஆட விரும்பினேன், என் மக்களுக்காக ஆட முழு மனதோடு முயன்றேன், இப்போது எனக்கு ஆட்டம் போதவில்லை. இந்தப் பொருளில்தான் எழுதியிருந்தார். என் மக்கள் என்ற அந்தச் சொல்லை ஆசிரியைக்காகவே இங்கே எழுதுகிறேன். உங்கள் மாணவன் இப்போது பெரியவனாகியிருப்பான். முடிந்தால் அவனுக்குச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை டிக்கெட்டை என்ன செய்வது என்று மனைவி கேட்டார். போகலாம் என்றான் மகன். கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையில் இறங்கி, ஃபோர்ட் ஈரியில் பாலம் தாண்டிப் போனோம். எல்லை அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மகன் பின்னால் இருந்து, "வொட்டோவைப் பார்க்க" என்று சொல்லிவிட்டான். அதிகாரி, "அவர் ஓய்வு பெற்றுவிட்டாரே" என்றார். "தெரியும்" என்றான்.

ரெட்ஸின் 19ஆம் இலக்கச் சிவப்புச் சட்டையோடு, நீலத்துக்கு நடுவில், ஒன்பது இன்னிங்ஸும் இருந்தான். முதல் தளத்தில் வேறொரு இளைஞன் ஆடினான். நான்காம் இன்னிங்ஸில் அவன் மட்டையோடு வந்து, வெளியே போன ஒரு பந்தை அசையாமல் விட்டான். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாய் விட்டான் அப்பா" என்றான்.