ஷோப்பானின் ஈ மைனர் ப்ரெலூட்: ‘லார்கோ’ என்பது எவ்வளவு மெதுவாக?

கேள்வி – பாளையங்கோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஊசிக்கோபுரத்துக்கு அருகில் குடியிருக்கிறேன். சிறுவயது முதல் ஆலயத்தில் பாமாலைகளுக்கு கீபோர்டு வாசித்து வந்தாலும், பியானோவை முறையாகக் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. இப்போது போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓபஸ் 28 தொகுப்பில் நான்காவதான ஈ மைனர் ப்ரெலூட்டைப் பயின்று வருகிறேன். இருபத்தைந்தே பார்கள் (தாளப் பகுதிகள்) கொண்ட ஒரு பக்கத் துண்டு அது. தொடக்கத்தில் ‘லார்கோ’ என்று எழுதியிருப்பதால் மிக மெதுவாக வாசிக்க வேண்டும் என்று கொண்டு, நேற்று இரவு முழுவதையும் வாசித்து நேரம் பார்த்தேன். 3 நிமிடம் 20 விநாடி ஆயிற்று. இடக்கையின் கார்டுகள் (ஒரே நேரத்தில் அழுத்தும் ஸ்வரக் கூட்டங்கள்) ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுவதுபோல் கேட்கின்றன. சோகத்துக்குப் பதிலாகக் களைப்புதான் தெரிகிறது. டெம்போ (வேகம்) தவறா, அல்லது என் கையா?

பதில் – நாசரேத்திலிருந்து

அன்புச் சகோதரிக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘லார்கோ’ என்ற சொல்லைப் பார்த்த நீங்கள், அதன் கீழே கோடு குறுக்கே போட்ட ‘சி’ வடிவக் குறியைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பாரை நான்காக எண்ணாமல் மினிமுக்கு (அரைப் பாருக்கு) ஒன்றாக இரண்டாகவே எண்ண வேண்டும் என்பது அதன் பொருள். ப்ரெலூட்களுக்கு ஷோப்பான் மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண் எதுவும் தரவில்லை. ஆகவே இந்தக் குறியே நமக்குள்ள வழிகாட்டி.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 25 பார்களில் 100 க்ரோச்செட்டுகள் (கால் பார் நீளங்கள்) உள்ளன. 200 விநாடி ஆனதென்றால் நிமிடத்துக்கு 30 க்ரோச்செட் வேகத்தில் சென்றிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் வலக்கையின் முதல் நீண்ட ஸ்வரமான ‘பி’ ஆறு விநாடி ஒலிக்க வேண்டும், ஆனால் பியானோவில் ஒலி அழுத்திய நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடுவதால், அடுத்த ‘சி’ வருவதற்குள் மெட்டு அறுந்துபோகிறது. நிமிடத்துக்கு 50 க்ரோச்செட் என்று வைத்தால் அதே ஸ்வரத்துக்கு மூன்றரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். மொத்தத் துண்டும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1849ஆம் ஆண்டு பாரிஸின் மதலேன் ஆலயத்தில் ஷோப்பானின் அடக்க ஆராதனையின்போது இதே ப்ரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி தேயாது. பியானோவுக்கு அந்த வசதி இல்லை.

இடக்கைக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எட்டு முறை தட்ட வேண்டிய கார்டைத் தட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, எந்த ஸ்வரம் மாறுகிறதோ அந்த விரலை மட்டும் நகர்த்தி முழுத் துண்டையும் ஒருமுறை வாசியுங்கள். மூன்று ஸ்வரங்களும் ஒரே நேரத்தில் இறங்காமல் ஒன்று மாற்றி ஒன்று அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகச் சரிவது அப்போது காதில் படும். இத்துண்டின் துயரம் முழுவதும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. பிறகு தட்டும்போது, சாவி முழுவதும் மேலே எழும்புமுன் மீண்டும் அழுத்துங்கள்.

பதில் – தென்காசியிலிருந்து

கர்நாடக இசையில் வயலின் பயில்பவன் நான். அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘ஈ’யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் ‘பி’ பஞ்சமம், ‘சி’ சுத்த தைவதம். முதல் மூன்று பார்களிலும் மெட்டு பஞ்சமத்திலிருந்து தைவதத்தைத் தொட்டுவிட்டுப் பஞ்சமத்துக்கே திரும்புவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மைனர் என்பதால் நடபைரவியையோ கீரவாணியையோ தேடிப் போக வேண்டாம். இடக்கையின் இறக்கம் எந்த ராகத்துக்குள்ளும் அடங்காது. முதல் கார்டில் அடியில் இருப்பது ‘ஜி’. ஈ மைனர் கார்டு ‘ஈ’யை அடியில் வைத்து ஊன்றி நிற்பது கடைசியில்தான். இடையில் கேட்பவருக்குக் கால் பாவ இடம் கிடைப்பதில்லை.

இரண்டாக எண்ணுவதை ஏற்கிறேன், ஆனால் மெட்ரோனோமைக் கடைசிவரை ஓடவிடுவதை ஏற்க முடியாது. 16ஆம் பாரில் ‘ஸ்ட்ரெட்டோ’ என்று எழுதியிருக்கிறது. அங்கே நெருக்கிச் செல்ல வேண்டும். ஒலியும் அங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. அதுவரை அடக்கி வாசித்திருந்தால்தான் அந்த இடம் உடையும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிடித்து வாசிக்கும் பயிற்சியை இன்று காலை செய்து பார்த்தேன். இரண்டாம் பாரில் ஒரே ஒரு விரல் நகர்ந்தபோது, இத்தனை நாள் வாசித்தும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். இப்போது 2 நிமிடம் 10 விநாடி ஆகிறது. இன்னும் ஒரு ஐயம்: கடைசி மூன்று கார்டுகளுக்கு முன் ஓய்வுக்குறியின் மேல் ஃபெர்மாட்டா (நீட்டி நிற்கச் சொல்லும் குறி) இருக்கிறதே, அங்கே எவ்வளவு நேரம் நிற்பது?

பதில் – நாசரேத்திலிருந்து

எண்ணிக்கையாகச் சொல்ல இயலாது. ஆனால் அது ஓய்வுக்குறி என்பதால், பலரும் செய்வதுபோல் முந்தைய கார்டைப் பெடலில் தொங்கவிடாதீர்கள். காலை எடுத்து, ஒலி முற்றிலும் நின்றபின் ஒரு மூச்சு விட்டு, அந்த மூன்று கார்டுகளையும் மிக மெல்லிய ஒலியில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வையுங்கள்.